ஷெல்டரிலிருந்து புல்டாக் தத்தெடுக்கலாமா? சென்னைவாசிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சென்னையில் கைவிடப்படும் நாய்களைக் கொஞ்ச காலம் வீட்டில் வைத்துத் தேற்றி, நல்ல இடமாகப் பார்த்துக் கொடுக்கிற வேலையில் நானும் இருக்கிறேன். ஒரு புல்டாக்கின் படம் வெளியே போனால் போதும், அன்று ராத்திரிக்குள் கேள்விகள் குவிந்துவிடும். திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளை மட்டும் எடுத்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன். புல்டாக் என்று நான் சொல்வது இங்கிலீஷ் புல்டாக்கை. பிரெஞ்சு புல்டாக், பக் மாதிரி மூக்கு சப்பையான மற்ற நாய்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

இவ்வளவு விலை கொடுத்து வாங்குகிற ஜாதி நாய் ஷெல்டருக்கு எப்படி வருகிறது? அதில் ஏதாவது குறை இருக்குமோ?

நாயிடம் குறை இருந்து வருவது குறைவு. பெரும்பாலும் வீட்டுச் சூழ்நிலைதான் காரணம். குட்டியாக இருக்கும்போது குண்டுக் கன்னத்தைப் பார்த்து வாங்கிவிடுகிறார்கள். ஒரு வயது தாண்டும்போது தோல் அரிப்பு, நாற்றம், காதில் சீழ், ராத்திரி முழுக்கக் குறட்டை என்று ஒவ்வொன்றாக ஆரம்பிக்கும். முதல் கோடையில் கரண்ட் பில் வரும், அப்புறம் டாக்டர் பில் வரும், வேலை வெளிநாட்டுக்கு மாறும், வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்வார், குழந்தை பிறக்கும். இதில் ஏதோ ஒன்று நடந்ததும் நாயைக் கொண்டுவந்து விடுகிறார்கள். சிலர் ஷெல்டர் வரைகூடக் கொண்டுவருவதில்லை, நெடுஞ்சாலை ஓரத்தில் இறக்கிவிட்டுப் போய்விடுகிறார்கள். ஒரு தெருநாய் இரண்டு நாள் சமாளித்துவிடும், புல்டாக்கால் ஒரு மதிய வெயிலைக்கூடச் சமாளிக்க முடியாது.

இன்னொரு வகை இருக்கிறது, என்னை மிகவும் வருத்துவது அதுதான். குட்டி போடுவதற்கென்றே கூண்டில் வைத்திருந்த பெண் நாய்கள். வயிற்றில் சிசேரியன் தழும்பு ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும், மடி தொங்கிப்போயிருக்கும், நகம் வளைந்து சதைக்குள் இறங்கியிருக்கும். இனி குட்டி போடாது என்று தெரிந்ததும் வெளியே தள்ளிவிடுகிறார்கள். இந்தப் பெண் நாய்களைத் தத்தெடுக்கத்தான் ஆள் கிடைப்பது கஷ்டம். வீட்டுக்கு வந்து பழகியபின் இவற்றைவிட அமைதியான நாயை நான் பார்த்ததில்லை.

அதற்குப் பதில் நல்ல ஆரோக்கியமான குட்டியாகப் பார்த்து வாங்கிவிடலாமே?

வேண்டாம் என்றுதான் சொல்வேன், காரணத்தோடு சொல்கிறேன். இங்கிலாந்தில் காளையோடு நாயை மோதவிடும் விளையாட்டுக்கு வளர்த்த நாய் இது. 1835-ல் அந்த விளையாட்டைச் சட்டம் போட்டு நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு கண்காட்சிக்காக மூக்கைக் குட்டையாக்கி, தலையைப் பெரிதாக்கி, இடுப்பைச் சிறிதாக்கி வளர்த்ததில் வந்ததுதான் இன்றைய உருவம். தலை பெரிது, இடுப்பு சிறிது என்பதால் பத்தில் எட்டு பிரசவத்துக்கும் மேல் சிசேரியன்தான். அப்படியென்றால் நீங்கள் வாங்கும் அநேகமாக ஒவ்வொரு குட்டிக்குப் பின்னாலும் வயிற்றைக் கிழித்துத் தைத்த ஒரு தாய் இருக்கிறாள்.

இந்த இனத்தை இனி வளர்க்கலாமா என்பதே சில நாடுகளில் நீதிமன்றம் வரை போயிருக்கிறது. நார்வேயில் 2022 ஜனவரியில் ஓஸ்லோ மாவட்ட நீதிமன்றம், புல்டாக்கை இனப்பெருக்கம் செய்வதே அந்நாட்டு விலங்கு நலச் சட்டத்துக்கு எதிரானது என்று தீர்ப்பு சொன்னது. அதே ஆண்டு மேல்முறையீட்டில் அந்தத் தடை விலகியது, ஆனால் விவாதம் நிற்கவில்லை. நெதர்லாந்தில் மூக்கு மிகவும் குட்டையான நாய்களை இனப்பெருக்கம் செய்யவே கட்டுப்பாடு இருக்கிறது. நம் நாட்டில், வியாபார இனப்பெருக்கத்துக்காக வெளிநாட்டிலிருந்து நாய் இறக்குமதி செய்வதற்கு 2016-ல் தடை போட்டார்கள். அதனால் உள்ளூரில் இருக்கும் கொஞ்ச நாய்களையே மாற்றி மாற்றிச் சேர்த்துக் குட்டி எடுப்பவர்கள் இருக்கிறார்கள். நெருங்கிய ரத்தத்தில் பிறக்கும் குட்டிக்கு இருக்கும் கோளாறு இன்னும் கூடத்தான் செய்யும். ஏற்கெனவே பிறந்து, வீடில்லாமல் நிற்பதை எடுங்கள்.

முகத்தைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது, கடிக்குமா?

முகம்தான் அப்படி. குணத்தில் சாதுவான, மனிதர் கூடவே ஒட்டிக்கொண்டு கிடக்கும் நாய் இது. குழப்பம் எங்கே வருகிறதென்றால், அமெரிக்கன் புல்டாக், பிட்புல், அமெரிக்கன் புல்லி எல்லாவற்றையும் சேர்த்துப் புல்டாக் என்று சொல்லிவிடுகிறார்கள். 2024 மார்ச்சில் மத்திய அரசு ஆபத்தான இனங்கள் என்று 23 வகைகளைப் பட்டியல் போட்டு மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியதே, அதில் அமெரிக்கன் புல்டாக் இருந்தது, இங்கிலீஷ் புல்டாக் இல்லை. அந்தச் சுற்றறிக்கையையும் அடுத்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. அதற்காகக் கடிக்கவே கடிக்காது என்று எந்த நாய்க்கும் உத்தரவாதம் கிடையாது. கூண்டில் பட்டினி கிடந்த நாய் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் கை வந்தால் உறுமும். அது பயம், பழக்கினால் குறையும்.

சென்னையில் எங்கே தேடுவது?

கிண்டி வேளச்சேரி சாலையில் இருக்கும் புளூ கிராஸ், அடையாறு பெசன்ட் மெமோரியல் அனிமல் டிஸ்பென்சரி இரண்டும் பழைய, தெரிந்த இடங்கள். அங்கே இருப்பவை பெரும்பாலும் நாட்டு நாய்கள்தான், ஜாதி நாய் எப்போதாவது வரும். இவை தவிர நகரம் முழுக்கத் தனிப்பட்ட முறையில் நாய்களை மீட்டு வீட்டில் வைத்துப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். உங்கள் பேட்டையில் இருக்கும் நாய் டாக்டரிடம் சொல்லி வையுங்கள், யார் வீட்டில் என்ன நாய் விடப்போகிறார்கள் என்பது அவருக்குத்தான் முதலில் தெரியும். அவசரப்பட வேண்டாம், சில மாதம் காத்திருக்க வேண்டியிருக்கும்.

ஒரு எச்சரிக்கை. "புல்டாக் இலவசமாகத் தருகிறோம், வண்டிச் செலவுக்கு மட்டும் முதலில் பணம் அனுப்புங்கள்" என்று யாராவது சொன்னால் அது மோசடி. நாயை நேரில் பார்க்காமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

வீட்டுக்கு வந்து பார்ப்பேன் என்கிறார்கள், சம்பளம் வரை விசாரிக்கிறார்கள். இதெல்லாம் தேவையா?

தேவை. கோபப்படாதீர்கள். ஒருமுறை கைவிடப்பட்ட நாய் மறுபடியும் திரும்பி வருவதைப் பார்த்தவர்கள்தான் இப்படிக் கேட்கிறார்கள். நான் ஒரு வீட்டுக்குப் போனால் பார்ப்பது மாடிப்படி எத்தனை, நாய் பகலில் எந்த அறையில் இருக்கும், அந்த அறையில் வெயில் அடிக்குமா, பகலில் வீட்டில் யார் இருப்பார்கள், வாடகை வீடு என்றால் வீட்டுக்காரருக்குத் தெரியுமா, வீட்டில் எல்லோருக்கும் சம்மதமா என்பதைத்தான். வீட்டில் ஒருவருக்கு மட்டும் ஆசை, மற்றவர்களுக்கு எரிச்சல் என்றால் அந்த வீட்டுக்குக் கொடுக்க மாட்டேன். வசதி எவ்வளவு என்பது அப்புறம்தான் வரும்.

அடையாள அட்டை நகல், ஒப்பந்தக் கடிதம், கருத்தடை ஆபரேஷனுக்குச் சம்மதம், இனப்பெருக்கத்துக்கு விட மாட்டேன் என்ற உறுதி, வைத்திருக்க முடியாமல் போனால் வேறு யாருக்கும் கைமாற்றாமல் எங்களிடமே திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனை, இவை எல்லா இடத்திலும் கிட்டத்தட்ட உண்டு. ஜாதி நாய் என்று காட்டும் கென்னல் கிளப் சான்றிதழ் வருமா என்று கேட்கிறார்கள். வராது, வீட்டில் வளர்ப்பதற்கு அது வேண்டியதும் இல்லை.

நாயைப் பார்க்கப் போகும்போது நான் என்ன கவனிக்க வேண்டும்?

முதலில் மூச்சு. மற்றதெல்லாம் அதற்கு அப்புறம். நாய் சும்மா படுத்திருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து ஐந்து நிமிடம் காது கொடுத்துக் கேளுங்கள். ஓய்வில் இருக்கும்போதே கரகரவென்று சத்தம் வருகிறதா, வயிறு உள்ளிழுத்து உள்ளிழுத்து மூச்சு விடுகிறதா, மூக்குத் துவாரம் திறந்திருக்கிறதா அல்லது ஒரு கோடு மாதிரி ஒட்டிக்கிடக்கிறதா என்று பாருங்கள். பிறகு பார்த்துக்கொள்பவரிடம் அது எப்படித் தூங்குகிறது என்று கேளுங்கள். உட்கார்ந்தபடியே தூங்குகிறது, தலையைச் சுவரில் முட்டுக் கொடுத்துத் தூங்குகிறது, வாயில் பொம்மையைக் கவ்விக்கொண்டு தூங்குகிறது என்று சொன்னால், கேட்க அழகாக இருக்கும். ஆனால் அது படுத்தால் மூச்சு அடைக்கிறது என்பதால் வாயைத் திறந்து வைக்க நாயே கண்டுபிடித்த வழி. சாப்பிட்டதும் நுரையோடு கக்குகிறதா என்றும் கேளுங்கள், மூச்சு அடைப்பு இருக்கும் நாய்களுக்கு அதுவும் சேர்ந்தே வரும்.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் இதற்கென்று ஒரு பரிசோதனை முறை வகுத்திருக்கிறார்கள். ஓய்வில் மூச்சைக் கேட்பார்கள், மூன்று நிமிடம் விரைவாக நடக்கவிட்டு மறுபடி கேட்பார்கள், பூஜ்யத்திலிருந்து 3 வரை தரம் பிரிப்பார்கள். விவரம் தெரிந்த டாக்டரிடம் கேட்டால் இதே மாதிரி பார்த்துச் சொல்வார். சென்னை வெயிலில் நீங்களாகவே ஓடவிட்டுப் பார்க்காதீர்கள்.

அப்புறம் ரத்தப் பரிசோதனை. ஷெல்டரிலிருந்து வரும் எந்த நாய்க்கும் உண்ணிக் காய்ச்சல் பார்த்தே ஆக வேண்டும், நம் ஊரில் அது சர்வசாதாரணம். வெளியே நன்றாகத் தெரியும் நாய்க்குக்கூட ரத்தத் தட்டணுக்கள் விழுந்திருக்கும். கண்ணின் மூலையில் சிவப்பாகச் சதை துருத்தியிருந்தால் அது செர்ரி ஐ, ஆபரேஷனில் சரியாகும். இமை உள்பக்கம் மடங்கி முடி விழியில் உரசுகிறதா என்றும் டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். எழுந்து நிற்கும்போது பின்னங்கால் தடுமாறினால் இடுப்பு மூட்டுக்கு எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

இதில் ஏதாவது இருந்தால் எடுக்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. தெரிந்துகொண்டு எடுங்கள். தெரியாமல் எடுத்த நாய்கள்தான் திரும்பி வருகின்றன.

ஏ.சி. கட்டாயமா? ஃபேன், ஏர் கூலர் போதாதா?

சென்னையில் மார்ச்சிலிருந்து செப்டம்பர் வரை பகலில் ஏ.சி. இல்லாமல் புல்டாக் வளர்க்க முடியாது. இதில் நான் இறங்கி வருவதில்லை. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்து, வாயிலும் மூக்குக்குள்ளும் இருக்கும் ஈரத்தை ஆவியாக்கித்தான் சூட்டை வெளியேற்றும். புல்டாக்குக்கு மூக்கு உள்பக்கம் நசுங்கிக்கிடக்கிறது, காற்று போகும் வழியே குறுகல். போதாததற்கு நம் கடற்கரைக் காற்றில் ஈரப்பதம் அதிகம், இரைத்தாலும் ஈரம் ஆவியாகாது. ஏர் கூலர் அந்த ஈரத்தை இன்னும் கூட்டும். மூடிய அறையில் கூலர் போட்டால் நிலைமை மோசமாகும்.

நாள் முழுக்க 18 டிகிரியில் ஓட்ட வேண்டும் என்பதில்லை. 25, 26-ல் வைத்து ஃபேனும் போட்டால் போதும், காலை பத்து மணியிலிருந்து சாயங்காலம் வரை அந்த அறை அதற்குத் திறந்திருக்க வேண்டும். கரண்ட் பில்லை முன்கூட்டியே யோசியுங்கள். இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதமே மாறிவிடும், கோடையில் நிச்சயம் தாண்டும். மின்வெட்டு வந்தால் என்ன செய்வது என்பதற்கும் ஒரு ஏற்பாடு வேண்டும். இன்வெர்ட்டரில் ஃபேன் ஓடும், ஏ.சி. ஓடாது. பக்கத்தில் ஜெனரேட்டர் இருக்கும் உறவினர் வீடு, அல்லது கீழே நிற்கும் காரின் ஏ.சி. என்று ஏதாவது யோசித்து வையுங்கள். காரில் நாயை விட்டுவிட்டு ஐந்து நிமிடத்தில் வருகிறேன் என்று மட்டும் போகாதீர்கள், எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தாலும் சரி.

வெப்பத்தாக்கு வந்தால் எப்படித் தெரியும்? என்ன செய்வது?

இதை வீட்டில் எல்லோரும் படியுங்கள், வீட்டு வேலைக்கு வருபவருக்கும் சொல்லிக்கொடுங்கள். மூச்சு சத்தம் வழக்கத்தைவிடக் கரகரப்பாக, உரக்க மாறும். எச்சில் கோந்து போலக் கெட்டியாக வரும். நாக்கு முதலில் கருஞ்சிவப்பாகி, பிறகு நீலம் பாயும். கால் தள்ளாடும், வாந்தி எடுக்கும். நாயின் உடல் வெப்பம் சாதாரணமாக 38 முதல் 39 டிகிரி செல்சியஸ். 41-ஐத் தாண்டினால் உள்ளுறுப்புகள் கெட ஆரம்பிக்கும்.

முதலில் குளிரவையுங்கள், அப்புறம் ஆஸ்பத்திரி. வாரிச் சுருட்டிக்கொண்டு ஆட்டோவில் ஓடாதீர்கள், ட்ராஃபிக்கில் போகிற அரைமணி நேரத்தில் உயிர் போய்விடும். நிழலுக்கு இழுத்து, உடம்பு முழுக்கத் தண்ணீரைக் கொட்டிக்கொண்டே இருங்கள், கூடவே ஃபேன் காற்று படட்டும். ஐஸ் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம், சாதாரணத் தண்ணீர் போதும். ஆனால் மே மாத மதியத்தில் மொட்டைமாடி டேங்க்கிலிருந்து வருகிற தண்ணீர் கை வைக்க முடியாத சூட்டில் இருக்கும். அதனால் கோடையில் வீட்டுக்குள் ஒரு டிரம்மில் தண்ணீர் பிடித்து வைப்பது நல்லது. ஈரத் துண்டைப் போர்த்திவிட்டு அப்படியே விடாதீர்கள், துண்டு சூடாகி உள்ளே வெப்பத்தைப் பிடித்துவைக்கும். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், இரைக்கும் நாய்க்கு அது நுரையீரலுக்குள் போகும். தானாகக் குடித்தால் குடிக்கட்டும்.

இரைப்பு அடங்க ஆரம்பித்ததும் ஏ.சி. போட்ட காரில் கிளம்புங்கள். தேறிவிட்ட மாதிரி தெரிந்தாலும் டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும், சிறுநீரகக் கோளாறும் ரத்தம் உறையாமல் போவதும் அடுத்த நாள்கூட வரும். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியும், உங்கள் பகுதியில் ராத்திரி திறந்திருக்கும் ஒரு தனியார் ஆஸ்பத்திரியும் எங்கே இருக்கின்றன, எத்தனை நேரம் ஆகும் என்று நாய் வருவதற்கு முன்பே ஒருமுறை போய்ப் பார்த்து வாருங்கள்.

குறட்டை விடுவது புல்டாக்குக்குச் சகஜம்தானே?

நிறைய புல்டாக்குகள் குறட்டை விடுகின்றன என்பது உண்மை. அதனால் அது நல்லது என்று ஆகிவிடாது. மூக்குத் துவாரம் குறுகல், அண்ணத்தின் பின்பகுதிச் சதை தேவைக்கு மேல் நீண்டு தொண்டைக்குள் தொங்குவது, மூச்சுக்குழாயே பிறவியில் சிறுத்திருப்பது என்று பல அடைப்புகள் சேர்ந்து வரும் சத்தம் அது. லண்டன் ராயல் வெட்டரினரி கல்லூரியின் ஆய்வு ஒன்று 2022-ல் வந்தது. மற்ற நாய்களோடு ஒப்பிட்டால் புல்டாக்குக்கு இந்த மூச்சு அடைப்பு நோய் 19 மடங்கு அதிகம், தோல் மடிப்பில் புண் 38 மடங்கு அதிகம் என்று அதில் கண்டார்கள்.

மூக்குத் துவாரத்தை அகலப்படுத்தி, நீண்ட அண்ணச் சதையைக் குறைக்கும் ஆபரேஷன் இருக்கிறது. அழகுக்காகச் செய்வதா என்று கேட்கிறார்கள், இல்லை, நிம்மதியாக மூச்சு விடவும் தூங்கவும்தான். நாட்டு நாய் போல ஓட வைக்காது, ஆனால் செய்த பிறகு வாழ்நாளில் முதல்முறையாகக் கால் நீட்டி, பக்கவாட்டில் சாய்ந்து தூங்கும் நாய்களைப் பார்த்திருக்கிறேன். டாக்டர் தேவை என்று சொன்னால் தள்ளிப்போடாதீர்கள். வருடக்கணக்கில் இறுக்கி இறுக்கி மூச்சை இழுத்தால் தொண்டைப் பெட்டியே தளர்ந்துபோகும், அந்தக் கட்டத்துக்குப் பிறகு பலன் குறைவு.

மயக்க மருந்து கொடுப்பதில் கவனம் வேண்டும். கருத்தடை ஆபரேஷனாக இருந்தாலும் சப்பை மூக்கு நாய்களுக்குச் செய்து பழகிய டாக்டரிடம் போங்கள். மயக்கம் தெளியும்போது மூச்சுக்காகத் தொண்டையில் செருகிய குழாயை அவசரமாக எடுக்காமல், நாய் நன்றாக விழிக்கும்வரை ஒருவர் பக்கத்திலேயே இருப்பாரா என்று வெளிப்படையாகவே கேளுங்கள். நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

முக மடிப்பைத் தினமும் துடைக்க வேண்டுமா? மஞ்சள், வேப்பெண்ணெய் தடவலாமா?

தினமும் துடையுங்கள். ஈரத் துணியால் மடிப்புக்குள் துடைத்துவிட்டு, உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். துடைப்பதைவிட உலரவைப்பதுதான் முக்கியம், ஈரம் நின்றால் கிருமி வளரும். மழைக்காலத்தில் இரண்டு வேளை. எண்ணெய் எதுவும் மடிப்புக்குள் வேண்டாம், தேங்காய் எண்ணெய்கூட. அது ஈரத்தை உள்ளேயே அடைத்துவைக்கும். மஞ்சளைக் குழைத்துப் பூசினாலும் அது காய்ந்து மடிப்புக்குள் கட்டியாகி உறுத்தும். டால்கம் பவுடரும் வேண்டாம், ஏற்கெனவே திணறும் மூக்குக்குள் அது போகும். சிவந்து நாற்றம் வந்தால் டாக்டர் குளோர்ஹெக்ஸிடின் என்ற கிருமிநாசினி கலந்த துடைப்பான் எழுதிக்கொடுப்பார்.

எல்லோரும் மறப்பது வால். வால் சுருண்டு உள்ளே புதைந்திருக்கும், அதற்குக் கீழே ஒரு குழி இருக்கும். நாய் பின்பக்கத்தைத் தரையில் தேய்த்துக்கொண்டே இருந்தால் அந்தக் குழியைப் பாருங்கள். விரல் இடுக்கில் கொப்புளம் வருகிறதா என்றும் வாரம் ஒருமுறை பார்க்க வேண்டும்.

சாப்பாடு? வீட்டுச் சாப்பாடே கொடுக்கலாமா?

கொடுக்கலாம், அளவாக. நம் வீடுகளில் சாதம் நிறையப் போட்டு, மேலே கொஞ்சம் கறித்துண்டு வைத்து, நடுநடுவே பிஸ்கெட்டும் கொடுத்து வளர்க்கிறோம். புல்டாக் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குண்டாகிவிடும். ஏறுகிற ஒவ்வொரு கிலோவும் தொண்டையைச் சுற்றியும் கொழுப்பாகச் சேர்ந்து மூச்சை இறுக்கும். ஆண் நாய் 25 கிலோ, பெண் நாய் 23 கிலோ சுற்றுவட்டாரத்தில் இருந்தால் சரி. எடைக்கல்லைவிடக் கை நம்பகமானது. விலாவைத் தடவினால் எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும்.

கறி, முட்டை, காய், கொஞ்சம் சாதம் போதும். வெங்காயம், திராட்சை, சாக்லேட் கூடவே கூடாது. அகலமான, ஆழமில்லாத தட்டில் வையுங்கள், கிண்ணத்துக்குள் அந்த முகம் போகாது. வாயு நிறைய விடும், அதற்குப் பழகிக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் திடீரென்று அதிகமானால் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

வாக்கிங், பீச்?

விடியற்காலை, அல்லது ராத்திரி ஒன்பதுக்கு மேல். இருபது நிமிடம் போதும், உட்கார்ந்துவிட்டால் இழுக்காதீர்கள். கழுத்துப்பட்டையில் கட்டி இழுக்கக் கூடாது, மார்போடு மாட்டும் ஹார்னஸ்தான். தண்ணீரில் இறக்காதீர்கள். தலை கனம், கால் குட்டை, புல்டாக்குக்கு நீந்த வராது, மூழ்கிவிடும். வீட்டில் தொட்டியோ நீச்சல்குளமோ இருந்தால் வேலி போடுங்கள்.

வீட்டில் சின்னக் குழந்தையும் ஏற்கெனவே ஒரு நாட்டு நாயும் இருக்கின்றன.

குழந்தைகளோடு பெரும்பாலும் நன்றாக ஒட்டும். ஐந்து வயதுக்குக் கீழே இருந்தால் பெரியவர் ஒருவர் கூட இருக்க வேண்டும். குழந்தையை நாய்மேல் ஏறி உட்கார விடாதீர்கள், நாய்க்கு மூச்சு நின்றுபோகும்.

மற்ற நாயோடு சேர்ப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. நாய்கள் ஒன்றையொன்று முகத்தையும் காதையும் வாலையும் பார்த்துத்தான் புரிந்துகொள்ளும். புல்டாக்குக்கு வால் இல்லாத மாதிரி, முகமெல்லாம் மடிப்பு, சாதாரணமாக மூச்சு விட்டாலே உறுமுகிற சத்தம். எதிரே இருக்கும் நாய் இதை மிரட்டல் என்று எடுத்துக்கொள்ளும். அதனால் முதல் சந்திப்பு வீட்டுக்கு வெளியே, இரண்டு பேரும் கயிற்றில், தள்ளித் தள்ளி நடந்தபடி நடக்கட்டும். சாப்பாடு தனித்தனி அறையில். சில வாரம் ஆகும்.

அப்பார்ட்மென்ட் அசோசியேஷன் நாய் கூடாது என்கிறது. லைசென்ஸ் வேறு வாங்க வேண்டுமா?

நாய் வளர்ப்பதையே தடை செய்ய அசோசியேஷனுக்கு அதிகாரம் இல்லை என்று விலங்குகள் நல வாரியம் 2015-லேயே வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. லிஃப்ட்டில் ஏற்றக் கூடாது என்றும் சொல்ல முடியாது. அதை அச்செடுத்துக் கொடுங்கள், ஆனால் சண்டையாகப் போகாதீர்கள். கழிவை நீங்களே அள்ளி, பொது இடத்தில் கயிற்றில் பிடித்துக்கொண்டு போனால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். லைசென்ஸ் கட்டாயம். சென்னை மாநகராட்சியின் இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம், வெறிநோய்த் தடுப்பூசிச் சான்று வேண்டும், மைக்ரோசிப்பும் போட வேண்டும். ஆண்டுதோறும் புதுப்பிக்க மறக்காதீர்கள்.

பெங்களூரில் ஒரு புல்டாக் இருக்கிறதாம். ரயிலில் கொண்டுவரலாமா?

கார்டு பெட்டியில் இருக்கும் நாய்க்கூண்டில் போடவே கூடாது, அது காற்றில்லாத இரும்புப் பெட்டி. முதல் வகுப்பு ஏ.சி.யில் தனிக் கூபே முழுதாக உங்களுக்குக் கிடைத்தால் கொண்டுவரலாம். சப்பை மூக்கு நாய்களைச் சரக்குப் பகுதியில் ஏற்ற விமான நிறுவனங்கள் பலவும் மறுப்பது இந்த மூச்சுப் பிரச்சினையால்தான். ஏ.சி. காரில், ராத்திரிப் பயணமாக, இரண்டு பேர் சேர்ந்து வருவதுதான் நல்லது. பின்சீட்டில் ஒருவர் நாயோடு உட்கார்ந்து மூச்சைக் கவனித்துக்கொண்டே வர வேண்டும்.

வீட்டுக்கு வந்த முதல் சில வாரம் எப்படி இருக்கும்?

பெரும்பாலும் தூங்கும். சில நாய் சாப்பிடாது, சில நாய் கண்ட இடத்தில் மூத்திரம் போகும், கூண்டிலேயே வளர்ந்தது மொசைக் தரையில் நடக்கவே பயப்படும். சொந்தக்காரர்களைக் கூப்பிட்டு நாய் வந்திருக்கிறது பாருங்கள் என்று காட்டாதீர்கள். ஒரே அறை, ஒரே படுக்கை, ஒரே நேரத்துக்குச் சாப்பாடு. குளிப்பாட்டுவதுகூட அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். தீபாவளிக்கு முந்தைய வாரம் தத்தெடுப்பதை நான் ஒத்துக்கொள்வதில்லை, வெடிச்சத்தத்தில் பதறி இரைத்தால் அதுவே ஆபத்து.

எவ்வளவு காலம் இருக்கும்?

கேட்பவர்களுக்கு மறைக்காமல் சொல்லிவிடுவேன். இங்கிலாந்தில் 2022-ல் வந்த ஓர் ஆய்வில் புல்டாக்கின் எதிர்பார்க்கும் ஆயுள் சுமார் 7.4 வருடம், ஜாக் ரஸ்ஸல் டெரியருக்கு 12.7. பத்து வயது தாண்டும் புல்டாக்குகளும் உண்டு. ஆனால் நீங்கள் ஐந்து வயது நாயை எடுக்கிறீர்கள் என்றால் மூன்று, நான்கு வருடத்துக்கு மனதைத் தயார் செய்துகொண்டு எடுங்கள். குழந்தைகளிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

படித்துப் பார்த்தால் எங்கள் வீட்டுக்கு ஒத்துவராது என்று தோன்றுகிறது. ஆனாலும் ஏதாவது செய்ய ஆசை.

ஒத்துவராது என்று இப்போதே சொல்வது நல்ல விஷயம், நாய் வந்த பிறகு சொல்வதைவிட. ஏ.சி. இல்லாத வீடு என்றால் டிசம்பர், ஜனவரியில் மட்டும் ஒரு புல்டாக்கைத் தற்காலிகமாக வைத்துப் பார்த்துக்கொள்ளலாம், அந்த இரண்டு மாதத்தில் நிரந்தர வீடு தேட எங்களுக்கு அவகாசம் கிடைக்கும். கார் இருந்தால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வாருங்கள், ஏ.சி. வண்டிக்கு எப்போதும் தட்டுப்பாடுதான். மூச்சு ஆபரேஷனுக்குக் காத்திருக்கும் நாய் ஒவ்வொரு ஷெல்டரிலும் ஒன்றாவது இருக்கும், அந்தச் செலவில் ஒரு பங்கு கொடுங்கள், பணத்தை நேராக ஆஸ்பத்திரியில் கட்டி ரசீது வாங்கிக்கொள்ளலாம். வீட்டில் நாய் வேண்டும் என்ற ஆசைதான் முக்கியம் என்றால், அதே ஷெல்டரில் அடுத்த கூண்டில் நிற்கும் நாட்டு நாய்க்குட்டியைப் பாருங்கள். அதற்கு ஏ.சி. வேண்டாம், ஃபேனும் நிழலும் தண்ணீரும் இருந்தால் இந்த ஊர் வெயிலில் நன்றாகவே வளரும்.